போட்ட சோற்றைத் திரும்ப அள்ளிய தீபாவளி

பள்ளிக்கூடத்தில் நான் படித்ததில்லை. ஒருமுறை மழைக்கு ஒதுங்கினேன். அப்போதும் வாத்தியார் துரத்திவிட்டார். நான் படித்ததெல்லாம் பந்தியில்தான். மயிலாப்பூரில் பங்குனி உற்சவம் நடக்கும்போது, அறுபத்துமூவர் வீதி வருகிற அன்று, வடக்கு மாட வீதியில் எந்த வீட்டு வாசலில் புளியோதரை, தெற்கு மாட வீதியில் எந்தக் கடைக்காரர் தயிர் சாதத்தில் இஞ்சி போடுவார், எந்தப் பந்தலில் மோர் வெறும் தண்ணீர், எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரே பந்தலில் இரண்டு முறை வாங்குவதற்காகத் துண்டை முதலில் தோளிலும் அடுத்தமுறை தலையிலும் போட்டுக்கொண்டு போவேன். நான் வேறு ஆள் என்று அவர்கள் நம்புவதாக நான் நம்பினேன்.

ஒரு வருஷம் ஒரு வீட்டு வாசலில் ஒரு மாமி தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார். தலையில் துண்டோடு போய் நின்றேன். கரண்டி பாதியில் நின்றது.

"ஏண்டாப்பா, தலைப்பாகை கட்டிண்டா அடையாளம் தெரியாதுன்னு நெனச்சியோ? இது மூணாவது தொன்னை."

"மொதல்ல வந்தவன் என் தம்பி மாமி."

"தம்பிக்கும் அதே எடத்துலயா சட்டை கிழிஞ்சிருக்கு? சரி, வாங்கிக்கோ, நன்னாச் சாப்பிடு. ஆனா ஒண்ணு கேக்கறேன். வருஷா வருஷம் வாங்கிண்டே இருக்கியே, உங்காத்துல என்னிக்காவது யாருக்காவது ஒரு இலை போட்டிருக்கியோ?"

கோபமாகக் கேட்டிருந்தால் அன்றே மறந்திருப்பேன். பொங்கலின் மேல் ஒரு முந்திரிப் பருப்பைத் தேடி வைத்துக்கொண்டே கேட்டார். பொங்கல் தேரடி போவதற்குள் செரித்துவிட்டது. கேள்விதான் வயிற்றிலேயே கிடந்தது.

அது எழுபதுகளின் தொடக்கம். தி.நகரில் நான் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பெயர்தான் மீன்பாடி; என் வண்டியில் மீன் ஏறியதே இல்லை. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து ஜவுளிக் கடைகளுக்குத் துணி மூட்டை மிதிப்பதுதான் வேலை. அதிலும் பாதி நேரம் வண்டி நிற்கும். நான் மூட்டை மேல் உட்கார்ந்து கதை அடித்துக்கொண்டிருப்பேன். வாய்தான் எனக்கு நாலாவது சக்கரம் என்பாள் என் மனைவி. மற்ற மூன்றும் தேய்ந்தன, இது மட்டும் தேயவில்லை.

நான் அதிகமாக மூட்டை இறக்கிய கடையில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அவர்களில் மூத்த விற்பனையாளர் ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். வாடிக்கையாளர் ஐம்பது புடவையைப் பிரிக்க வைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்தாலும், "அடுத்த தடவ வாங்கிக்கிடலாம், அதுக்கென்ன" என்று சிரித்தபடி மடித்து வைக்கிற மனிதர்.

இந்த ஆட்களுக்குத் தீபாவளி கிடையாது. ஊருக்கெல்லாம் புதுத்துணி கொடுத்து அனுப்பிவிட்டு, விடியற்காலையில் கடையை மூடுவார்கள். ஊருக்குப் போக ரயிலும் இல்லை, நேரமும் இல்லை. மறுநாள் கடை திறந்தாக வேண்டும். கடைக்குப் பின்னால் துணிக் கிடங்கின் மாடியில் நீளமாக ஒரு ஹால். அங்கேதான் அவர்களுடைய படுக்கை, குளியல் எல்லாம். சாப்பாடு மட்டும் பக்கத்து மெஸ்ஸில். தீபாவளியன்று மெஸ்காரர் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார். தி.நகரில் அன்றைக்குத் திறந்திருக்கிற ஓட்டல் என்று ஒன்று இருக்காது. ஒரு வருஷம் தீபாவளி மதியம் வண்டியை எடுக்கப் போனபோது, பெட்டிக்கடை ஓரத்தில் அண்ணாச்சியும் நாலைந்து பேரும் நின்று பன்னையும் வாழைப்பழத்தையும் தின்றுகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் இட்லியும் கறிக்குழம்பும் முட்ட முட்டத் தின்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். "தீவாளி சோறு பலமா?" என்று அவரிடம் நக்கல் வேறு செய்தேன். "பலம்தான்வே, பாயசத்துக்கு மட்டும் எடம் வச்சிருக்கேன்" என்று சிரித்தபடி வாழைப்பழத்தோலை உரித்தார்.

மாமி கேட்ட கேள்வியும் இந்த வாழைப்பழமும் எனக்குள் எப்படியோ ஒட்டிக்கொண்டன. அடுத்த தீபாவளிக்கு முதல் நாள், கடை வாசலில் கடைசி மூட்டையை இறக்கிவிட்டு, கூட்டத்துக்கு நடுவே கத்தினேன்.

"அண்ணாச்சி, நாளிக்கு மத்தியானம் உங்க அல்லாருக்கும் நம்ம வூட்ல சாப்பாடு. எல போட்டு, கறிக்கொயம்பு, பாயசம். ஸ்டேஷனத் தாண்டி வந்தா நம்ம சந்துதான்."

அண்ணாச்சி புடவையை விசிறிக்கொண்டே தலையை ஆட்டினார். "வாரோம் வாரோம். பந்தல்ல நாதசுரமும் உண்டுல்லா?"

"உண்டு. ஆனையும் வருது."

இந்த ஆனையைச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு வாயைத் திறந்தால் ஒன்று நிஜமும் ஒன்பது புளுகும் சேர்ந்தேதான் வரும். அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வண்டியை மிதித்தேன். வீடு வருவதற்குள்தான் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். தேய்ப்பது நிற்கவில்லை.

"எத்தினி பேரு?"

"பதினஞ்சு இருக்கும்."

"குடிச்சிகினு வந்தியா?"

"இல்லமே, சத்தியமா."

"அப்ப வூட்டுக்கு வர்றப்ப எங்கனா தலையில அடிபட்டுச்சா? ஊர்ல எங்க எல போட்டாலும் மொத எல உன்னுது. நீ சோறு போடப் போறியா?"

"ஒரே ஒரு நாளு, நானும் போட்டுப் பாக்கணும்மே. கையில கரண்டியோட நிக்கணும். அவ்ளோதான்."

அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கிண்டல் செய்யாமல் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசியது அவளுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். பண்டிகைக்கென்று ரேஷன் அரிசியில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்து ஒரு டின்னில் வைத்திருந்தாள். எழுந்து போய் அதைத் திறந்தாள். பொங்கலுக்கும் சேர்த்து வைத்திருந்த அரிசி அது. டின்னைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பதினஞ்சு பேருன்னா அளந்துதான் போடணும். உன் இஷ்டத்துக்கு வாரி வுட்டின்னா கடைசி ஆளுக்கு வெறும் எலதான்" என்றாள்.

"எனக்குத் தெரியாதா? நான் பாக்காத பந்தியா?"

இந்த வாக்கியத்தை நீங்கள் மறந்துவிடாதீர்கள். அவள் மறக்கவில்லை.

தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, கடை முதலாளி கொடுத்த புது வேட்டியைக் கட்டிக்கொண்டேன். கறிக்குழம்பு கொதித்தது. அதில் கறியைவிட உருளைக்கிழங்கு கூடுதல். ஆனால் வாசனை முழுக்கக் கறியுடையதுதான். சேமியா பாயசம், அப்பளம், ரசம், ஒரு பொரியல். சந்தில் அண்டை வீட்டு வாசல்களையும் சேர்த்துக் கூட்டி, இரண்டு பாயை விரித்து, இலையை நறுக்கி வைத்து, சந்தின் முனையில் போய் நின்றேன்.

பன்னிரண்டு மணியாயிற்று. ஒரு மணியாயிற்று. வெடிச் சத்தம் வந்தது, புகை வந்தது, ஆட்டுக்குட்டி ஒன்று வந்து இலையை முகர்ந்துவிட்டுப் போனது. விருந்தாளிகளில் ஒருவர்கூட வரவில்லை. வேட்டியின் மடிப்பு கலையக் கூடாதென்று நான் உட்காரவும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் தின்பண்டத் தட்டோடு போனவர் நின்றார். "இன்னா நைனா, போலீஸ் மாரி நின்னுகினு கீற?"

"விருந்தாளிங்க வராங்கோ."

"உன் வூட்டுக்கா? யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்."

"அப்ப வருவாங்கோ" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. ஆனை வரும் என்று சொன்னவன் சோறு போடுவான் என்று எவன் நம்புவான்? வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் உண்மையைச் சொன்னேன். அதற்கும் கைதட்டிச் சிரித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்தேன். மனைவி சட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாய்யா, ஆனை மட்டும் வந்துச்சா?"

"யாரும் வர்ல."

"சோறு ஆறிகினு கீது. இப்ப இன்னா பண்ணப் போற? மொத்தத்தையும் நீயே துன்னுடுவியா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்கும் வந்தது. குழம்பு மணம் அப்படி. ஆனால் பெட்டிக்கடையில் வாழைப்பழத்தோலை உரித்த விரல்களும் நினைவுக்கு வந்துவிட்டன. "அவங்க வராட்டி இன்னா? நாம போவலாம்" என்றேன். அவள் குழம்புச் சட்டியின் வாயைத் துணியால் கட்டினாள். அவள் சம்மதம் எப்போதும் அப்படித்தான் வரும்.

வண்டியில் சோற்றுக் குண்டானை நடுவில் வைத்தோம். அவள் ஒரு பக்கம் உட்கார்ந்து குழம்பை மடியில் அணைத்துக்கொண்டாள், இன்னொரு பக்கம் பாயசத்தைக் காலால் இடுக்கிக்கொண்டாள். புது வேட்டியை மடித்துக் கட்டி மிதித்தேன். உஸ்மான் ரோடு முழுக்க வெடிக் காகிதம். முதல் நாள் கால் வைக்க இடமில்லாத தெருவில் அன்று நாங்களும் இரண்டு நாய்களும்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னாலிருந்து குரல் வந்தது: "யோவ், ரசம் போச்சு." கடைக்குப் போய்ச் சேரும்போது ரசத்தில் பாதியை ரோடு குடித்திருந்தது.

மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். தட்டுவதற்கு முன்னால் உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. தட்டியதும் பேச்சு நின்றது. அப்புறம் குறட்டை ஆரம்பித்தது. ஒன்றல்ல, நாலைந்து குறட்டை, வரிசையாக.

ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தீபாவளியன்று கதவைத் தட்டுகிறவன் இனாம் கேட்கத்தான் வருவான். தபால்காரர், தெரு கூட்டுகிறவர், வாட்ச்மேன், எல்லோரும் காலையிலிருந்து வந்து போயிருப்பார்கள். நானே முந்தின வருஷங்களில் இதே கதவை அதற்காகத் தட்டியவன். தட்டுகிற விதத்தை வைத்தே ஆளை அடையாளம் கண்டிருப்பார்கள்.

"அண்ணாச்சி, நான்தான். சோறு எடுத்தாந்துகீறேன்."

குறட்டை கூடியது.

"மெய்யாலுமே அண்ணாச்சி. இனாம் வாணாம்."

இனாம் வேண்டாம் என்று நான் சொன்னதும் உள்ளே சந்தேகம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. ஒரு குரல் மெதுவாகச் சொன்னது: "உள்ள யாரும் இல்லவே. எல்லாரும் ஊருக்குப் போயாச்சு."

"யாருமில்லன்னு சொல்ற நீ யாருப்பா?"

குறட்டை திரும்பவும் தொடங்கியது. நான் மறுபடி கதவை ஓங்கித் தட்டப் போனேன். மனைவி என் கையைப் பிடித்து இறக்கினாள். "நீ பேசப் பேச அவங்க இன்னும் கெட்டியாத் தூங்குவாங்கோ. நவுரு." குழம்புச் சட்டியைக் கதவடியில் வைத்து, துணியை அவிழ்த்து, மூடியைத் திறந்தாள். முந்தானையால் கதவிடுக்கைப் பார்த்து நாலு வீசு வீசினாள்.

ஒரு குறட்டை நின்றது. அப்புறம் இன்னொன்று. "ஏலே, கறிக்குழம்புலே" என்று யாரோ சொன்னது கேட்டது. தாழ்ப்பாள் விலகி, அண்ணாச்சியின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அது என்னைப் பார்க்கவில்லை. சட்டியைப் பார்த்தது, அப்புறம் என் மனைவியைப் பார்த்தது. அவளைப் பார்த்த பிறகுதான் கதவு முழுதாகத் திறந்தது.

"நெசமாத்தான் சொன்னீகளா?" என்றார்.

"நெசமாத்தான் அண்ணாச்சி. ஆனை மட்டும்தான் பொய்யி."

ஹாலில் பாய்களைச் சுருட்டினார்கள். துணி மூட்டைகளை ஒரு பக்கம் தள்ளி, சுவர் ஓரமாக நீள இடம் செய்தார்கள். முகம் கழுவப் போனார்கள். அதற்குள் நான் இலை போட்டுவிட வேண்டுமென்று அவசரப்பட்டேன். சுவருக்கு முதுகு கொடுத்து அவர்கள் உட்கார, நான் எதிரே நின்று பரிமாற வேண்டும், அதுதான் திட்டம். இலை இலையாகப் போட்டேன். நுனி இடது பக்கம். மேலே இடது ஓரத்தில் உப்பு, ஊறுகாய், அடுத்து பொரியல், அப்பளம். ஒரு பிசகு இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. சோற்றுக் குண்டானை எடுக்கக் கீழே இறங்கினேன்.

தூக்கிக்கொண்டு மேலே வந்தால், எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இன்னா அண்ணாச்சி, செவுத்தப் பாத்து குந்திகினு கீறீங்க?"

"இந்தப் பக்கந்தான் நல்லா காத்து வருதுவே" என்றார். அந்தச் சுவரில் ஜன்னலே கிடையாது.

மனைவி என் காதருகே வந்தாள். "நான் பாக்காத பந்தியான்னு கேட்டியே. எலய எந்தப் பக்கம் பாத்துப் போட்ட?"

பார்த்தேன். நுனி என் இடது பக்கத்தில் இருந்தது. உப்பும் ஊறுகாயும் எனக்கு மேல் பக்கத்தில் இருந்தன. அதாவது பதினைந்து இலையையும், சாப்பிடப் போவது நான் என்கிற நினைப்பிலேயே போட்டிருக்கிறேன். ஊர் முழுக்கச் சாப்பிட்டவன், ஒரு இலையைக்கூட எதிர்ப்பக்கமிருந்து பார்த்ததில்லை. சுவர் பக்கம் உட்கார்ந்தால் அவர்களுக்கு எல்லாமே தலைகீழ். ஊறுகாய் மடியில் இருக்கும், நுனி வலது பக்கம் இருக்கும். நான் கீழே இறங்கிய சமயத்தில் ஒருவன் இலையைத் திருப்பப் போனானாம். "திருப்பாதல. அந்த மனுசன் ஆசையாப் போட்டிருக்காரு. நாம எந்திரிச்சு அந்தப் பக்கம் போயி உக்காந்துக்கிடுவோம்" என்று அண்ணாச்சி சொன்னாராம். நாள் பூராவும் வாடிக்கையாளர் தப்பாகக் கேட்டாலும் சரி என்று சொல்லியே பழகியவர். அன்று எனக்கும் அந்த மரியாதை கிடைத்தது.

இதில் ஒரு சிக்கல். பரிமாறுகிறவன் இப்போது இலைக்கும் சுவருக்கும் நடுவில் போக வேண்டும். அவசரத்தில் நான் சுவரை ஒட்டிப் போட்டதில் அங்கே இருந்தது ஒரு சாண் இடம். எத்தனையோ பேர் போட்ட சோற்றில் வளர்ந்த என் தொப்பை அதைவிடப் பெரியது. முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தேன். புது வேட்டியின் பின்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு.

ஆனால் கையில் கரண்டி இருந்தது. முதல் இலையில் சோற்றைப் போட்டேன். ஒரு கரண்டி விழுந்தது. அந்தப் பையன் கையைக் குறுக்கே காட்டி, "போதும்ணே" என்றான். எனக்கு அந்தச் சொல் புரியவில்லை. பந்தியில் நான் சொல்லியே பழகாத சொல். இலைமேல் கையைக் காட்டினால் இன்னும் போடச் சொல்கிறான் என்றுதான் என் கைக்குப் பட்டது. இன்னொரு கரண்டி. இன்னும் ஒன்று. சோறு கோபுரமாக எழும்பும்போது உள்ளே என்னவோ குளிர்ந்தது. மாமி முந்திரிப் பருப்பைத் தேடி வைத்ததன் ருசி அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது இலைக்கும் கோபுரம். மூன்றாவதுக்கும். மனைவி அந்தக் கோடியிலிருந்து "யோவ், அளந்து" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். எனக்குக் காது கேட்கவில்லை. தர்மப் பிரபு ஆகிவிட்டால் காது அடைத்துவிடும் போலிருக்கிறது.

பத்தாவது இலையைத் தாண்டியதும் கரண்டி குண்டானின் அடியில் கர்ரென்று தேய்ந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு பிடி இருந்தது. மிச்சம் ஐந்து இலைகள். கடைசி இலையில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அவர் இலையில் உப்பு, ஊறுகாய், பொரியல், அப்பளம். நடுவில் பச்சையாக, வெறிச்சென்று இலை.

போன வருஷம் பன்னும் பழமும். இந்த வருஷம் கதவைத் தட்டி எழுப்பி உட்கார வைத்து ஊறுகாய். அந்தச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றேன். நகைச்சுவையாக ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். என் நாலாவது சக்கரம் பஞ்சராகி நின்றது.

"அரிசி சாப்பிட்டா எனக்கு மந்தமா இருக்கும்வே" என்றார் அண்ணாச்சி. "பாயசம் இருக்குல்லா, அது போதும்." முந்தின வருஷம் சிரித்த அதே சிரிப்பு. புடவையை மடித்து வைக்கிறபோது வருகிற சிரிப்பு.

முதல் இலைகளில் கோபுரம் கோபுரமாகச் சோறு இருந்தது. ஆனால் ஒருவனும் கை வைக்கவில்லை. கடைசி இலைக்குப் போட்டு முடிகிறவரை முதல் இலைக்காரன் தொடக் கூடாது. அது அவர்கள் ஊர்ப் பந்தி வழக்கம். பசியில் கண் சொருகியும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானாக இருந்தால் அதற்குள் இரண்டாம் முறை கேட்டிருப்பேன்.

மனைவிதான் அதைக் கவனித்தாள். "யாரும் தொடலல்ல? அப்ப எச்சில் இல்ல. யோவ், போட்டத எடு."

"எலயில போட்டதையா? யாராவது பாத்தா சிரிப்பாங்கோ."

"இத்தினி நாளு சிரிக்காமயா இருந்தாங்கோ? எடுய்யா."

எடுத்தேன். சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு திரும்பவும் முதல் இலைக்கு நகர்ந்து, கோபுரங்களை ஒவ்வொன்றாக இடித்துக் குண்டானில் அள்ளினேன். அன்னதானம் செய்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். போட்ட சோற்றை இலையிலிருந்து திரும்ப அள்ளியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மூன்றாவது இலைப் பையன் இரண்டு கையாலும் சோற்றை மறைப்பது போலக் காட்டி, "அண்ணே, கடைக்காரன்கூட வித்த துணியத் திருப்பி வாங்க மாட்டான்ணே" என்றான். ஹால் முழுக்கச் சிரித்தது. அண்ணாச்சி சிரித்ததில் அப்பளம் நொறுங்கியது. எனக்கும் உயிர் வந்தது.

"கொஞ்சம் லூசாயிட்ச்சுப்பா, அளவெடுத்துப் புடிச்சிக் குடுக்கறேன்" என்று சொல்லி, அவன் இலையிலிருந்து ஒரு கரண்டி கூடுதலாகவே எடுத்துக்கொண்டேன்.

இந்தமுறை மனைவி என் மணிக்கட்டைப் பிடிக்காத குறையாகக் கண்ணாலேயே அளந்தாள். கடைசியில் அண்ணாச்சியின் இலையில் சோறு விழுந்தது. எல்லோருக்கும் போட்ட அதே அளவு. குழம்பு ஊற்றினேன். உருளைக்கிழங்குக் கூட்டத்தில் ஒரு துண்டுக் கறியைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் சோற்றின் மேல் வைத்தேன். அதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அண்ணாச்சி முதல் கவளத்தை எடுத்தார். மற்ற பதினான்கு கைகளும் அதன் பிறகு இலைக்குப் போயின.

வெளியே வர வழியில்லாமல் நான் சுவருக்கும் இலைகளுக்கும் நடுவில்தான் நின்றேன். அதனால் எல்லோருடைய முகமும் நேராக எனக்குத் தெரிந்தது. இத்தனை பந்தியில் சாப்பிட்டிருக்கிறேன், சாப்பிடுகிற ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை; கண் என் இலையை விட்டு நகர்ந்தால்தானே. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான். ஒருவன் சோற்றுக்குள் பள்ளம் தோண்டிக் குழம்பைச் சிறை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். ரோடு குடித்தது போக மிச்சமிருந்த ரசம் ஆளுக்கு ஒரு கை வந்தது. பாயசம் ஊற்றும்போது அண்ணாச்சி, "இதுக்குத்தான்வே போன வருசத்துலேர்ந்து எடம் வச்சிருக்கேன்" என்றார். அவருக்கு நினைவிருக்கிறது. என் நக்கலும் நினைவிருக்கும்.  இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். பிறகு வரிசையின் நடுவிலிருந்து ஓர் ஏப்பம் கிளம்பியது. நாதசுரம் உண்டா என்று கேட்டாரே அண்ணாச்சி, அதுவும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கை கழுவி வந்ததும் அவர்கள் ஓரமாக நின்று ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள். சட்டைப் பைகள் திறந்தன. அண்ணாச்சி மடித்த நோட்டுகளோடு வந்து, "பண்டிகையும் அதுவுமா, வெறுங்கையோட அனுப்பக் கூடாதுவே" என்றார். வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் நான் கையைத் தூக்கினேன். ஆனால் எத்தனையோ வருஷப் பழக்கம், கை தானாகவே மல்லாந்து நீண்டுவிட்டது. மனைவி அதில் காலிக் குழம்புச் சட்டியை வைத்தாள். "புடி. வண்டில வையி" என்றாள். அண்ணாச்சியிடம் திரும்பி, "வரோம் அண்ணாச்சி, ஒடம்பப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். நானும் சட்டியோடு இறங்கினேன்.

திரும்பும்போது பாத்திரங்கள் வண்டியில் உருண்டு மோதி எங்களுக்கு மேளம் வாசித்துக்கொண்டு வந்தன. பனகல் பார்க் தாண்டியதும் என் வயிறும் அதோடு சேர்ந்து கொண்டது. அப்போதுதான் தெரிந்தது, நானும் அவளும் மதியம் சாப்பிடவில்லை. காலை இட்லிக்குப் பிறகு ஒன்றும் இல்லை. குண்டானில் ஒரு பருக்கை இல்லை, தி.நகரில் ஓட்டலும் இல்லை. பெட்டிக்கடையில் வண்டியை நிறுத்தினேன். பன் தீர்ந்துவிட்டதாம். வாழைப்பழம் மட்டும் இருந்தது. ஆளுக்கு ஒன்று தின்றோம்.

"விருந்து பலமா?" என்றாள்.

"பலம்தான்மே" என்றேன்.

சாயங்காலம் வீட்டில் மிச்சமிருந்த இட்லி மாவில் தோசை ஊற்றினாள். இரண்டு தின்றேன். மூன்றாவதை என் தட்டில் போட வந்தாள். எட்டிப் பார்த்தேன், சட்டியில் மாவு இன்னும் ஒரு தோசைக்குத்தான் இருந்தது, அவள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

"போதும்" என்றேன்.

தோசைத் திருப்பி அப்படியே நின்றது. இடது கையின் புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா, ஜொரமா?"